குழந்தைகள் நலக் குழுவைக் கேள்வி கேட்பது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்த மாவட்டமானாலும், மீட்கப்பட்ட ஒரு குழந்தை இல்லத்துக்குப் போக வேண்டுமா, பெற்றோரிடமே திரும்ப வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்வது கறுப்பு அங்கி போட்ட நீதிபதி அல்ல. மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டிய குழந்தைகள் நலக் குழுதான் அதைச் செய்கிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இன்னொருவர் குழந்தைகள் தொடர்பான விஷயங்களில் வல்லுநராக இருக்க வேண்டும். ஆசிரியராக, சமூகப் பணியாளராக, வழக்கறிஞராக, மனநல ஆலோசகராக இருந்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் அமர்கிறார்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அமர்வுக்கு இவ்வளவு என்று ஒரு படி உண்டு.

ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் இவர்கள் கைக்கு வரும் அதிகாரம் சாதாரணமானதல்ல. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 27ஆம் பிரிவில் இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. பெற்ற தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைக்கவும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ திருப்பூருக்கு வந்த குழந்தையைச் சொந்த ஊருக்கு அனுப்பவும், கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தகுதியானது என்று அறிவிக்கவும் இவர்களால் முடியும்.

இத்தனை அதிகாரத்தைச் சம்பளம் வாங்காத குடிமக்களிடம் கொடுத்த அரசு, அவர்களைக் கண்காணிக்கும் வழியையும் அதே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. அது மக்களுக்குத் தெரியாததால்தான் கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைகின்றன. பெற்றோர், பாட்டி தாத்தா, பள்ளித் தலைமையாசிரியர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

பழைய பெஞ்சிலிருந்து இன்றைய குழுவரை

குடிமக்களை நீதி வழங்க உட்கார வைப்பது நமக்குப் புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கௌரவ மாஜிஸ்டிரேட்டுகளாக நியமித்தார்கள். நகராட்சி அபராதம், தெருச் சண்டை போன்ற சில்லறை வழக்குகளை அவர்கள் பெஞ்சு கோர்ட்டில் விசாரித்தார்கள். 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்தப் பழைய அமைப்பை முடித்து வைத்தது. இலங்கையில் சமாதான நீதவான்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் வேலை பெரும்பாலும் ஆவணங்களுக்குச் சான்றளிப்பதுதான். நம் குழுவுக்கு மிக நெருக்கமான உறவு ஸ்காட்லாந்தில் இருக்கிறது. அங்கே 1971 முதல் மூன்று தன்னார்வலர்கள் உட்கார்ந்து குழந்தைகளின் வழக்கைக் கேட்கிறார்கள்.

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான்: 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். பிறகு 1986, 2000, 2015 என்று மத்திய சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 2015 சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021இல் செய்த திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. குழுவின் மீது மாவட்ட ஆட்சியருக்கு இருக்கும் கண்காணிப்பை வலுப்படுத்தியது அந்தத் திருத்தம்.

யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது

கண்காணிப்பு நியமனத்திலேயே தொடங்குகிறது. உளவியல், சட்டம், சமூகப் பணி போன்ற துறைகளில் ஒன்றில் பட்டம் வேண்டும். அதோடு குழந்தைகளின் நலம், கல்வி, உடல்நலம் சார்ந்த பணியில் ஏழு ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், அல்லது அந்தத் துறையில் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது.

யார் கூடாது என்ற பட்டியலை நன்றாக நினைவில் வையுங்கள். மனித உரிமையையோ குழந்தை உரிமையையோ மீறியதாகப் பதிவு உள்ளவர், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர், அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர், குழந்தைத் தொழிலாளரை வேலைக்கு வைத்தவர் ஆகியோருக்கு இடமில்லை. மாவட்டத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தின் நிர்வாகத்தில் இருப்பவரும் உறுப்பினராக முடியாது.

இந்தக் கடைசித் தடை ஏன் வந்தது என்பது எளிதாகப் புரியும். இல்லத்துக்குக் குழந்தையை அனுப்பும் கையும் இல்லத்தை நடத்தும் கையும் ஒன்றாக இருந்தால், குழந்தை வீட்டுக்குத் திரும்புவது யாருக்கும் அவசரமாகத் தோன்றாது. தமிழகத்து ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. நம் மாநிலத்தின் பெயரிலேயே இருக்கும் வழக்கு அது. உங்கள் மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் ஏதாவது இல்லத்தின் அறங்காவலராகவோ செயலாளராகவோ இருப்பது தெரிந்தால், அது ஊர்ப்பேச்சோடு நிற்க வேண்டிய செய்தி அல்ல. ஆட்சியருக்கு எழுத வேண்டிய செய்தி.

உத்தரவின் நகல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: குழு சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். மேலே இருந்து கண்காணிப்பவர் யாராக இருந்தாலும், ஆட்சியரோ நீதிமன்றமோ, குழுவின் அறைக்குள் வந்து பார்ப்பதில்லை. தாளில் இருப்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். விசைத்தறிக் கூடம் ஒன்றிலிருந்து 13 வயதுப் பெண் ஒருத்தி மீட்கப்படுகிறாள். அம்மா இல்லை. அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். வளர்ப்பது அம்மிச்சிதான். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தாகிவிட்டது. குழு அவளைத் தற்காலிகமாக ஒரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் அம்மிச்சி பேருந்து ஏறி வருகிறாள்.

"அம்மணி, எம் பேத்திய எப்பங்க உடுவீங்க?"

"ஆர்டர் போட்டாச்சுங்க ஆத்தா. விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவாங்க. அடுத்த வாரம் வாங்க."

அந்தப் பெண் ஊழியர் மோசமானவர் என்பதல்ல. அவர் மேசையில் நாற்பது கோப்பு இருக்கலாம். ஆனால் இந்த இடத்தில் அம்மிச்சி, "சரீங்க" என்று திரும்பிவிட்டால், அன்று என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதற்கு அவளிடம் ஒரு சான்றும் இல்லை. அவள் சொல்ல வேண்டியது இது: "அந்த ஆர்டர் நகல் ஒண்ணு குடுங்க அம்மணி. இன்னைக்குக் குடுக்க முடியாதுன்னா, நகல் கேட்டு எழுதித் தர்றனுங்க, வாங்கிட்டு ஒரு முத்திரை போட்டுக் குடுங்க."

எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், கூட வரும் பேரனோ பள்ளி ஆசிரியரோ எழுதிக் கொடுக்கலாம். விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர், குழுவின் முன் வந்த தேதி, விண்ணப்பிப்பவருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு, கோப்பு எண் தெரிந்தால் அது. இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஒரு நகல் அவர்களுக்கு. தேதி முத்திரையோடு இன்னொன்று உங்களுக்கு.

உத்தரவு கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். முதலில் கையெழுத்துகளை எண்ணுங்கள். குழு அமர்வில் இல்லாத நாளில் குழந்தையைத் தனி உறுப்பினர் ஒருவர் முன் கொண்டுவரலாம். உடனடிப் பாதுகாப்புக்காக அவர் முடிவெடுக்கலாம். ஆனால் வழக்கை முடித்துவைக்கும் இறுதி உத்தரவுக்கு மூன்று பேராவது இருந்திருக்க வேண்டும். இறுதி உத்தரவில் ஒரே கையெழுத்து இருந்தால் அதை ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அடுத்து, காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "இல்லத்தில் சேர்க்க உத்தரவிடப்படுகிறது" என்ற ஒற்றை வரி போதாது. அம்மிச்சியிடம் ஏன் அனுப்பவில்லை என்பது அதில் இருக்க வேண்டும். குழந்தையிடம் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்பதும் பதிவாகியிருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்தைக் கேட்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

அறையின் அமைப்பையும் கவனியுங்கள். உயர்ந்த மேடை, சாட்சிக் கூண்டு, குழந்தைக்கும் உறுப்பினருக்கும் நடுவே தடுப்பு, எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. குழந்தையைக் கைகட்டி நிற்க வைத்துக் கேள்வி கேட்பதைப் பார்த்தால், தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

காலக்கெடு

குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக ஆய்வறிக்கை 15 நாளில் வர வேண்டும். குழந்தை முதன்முதலாகக் குழுவின் முன் வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். குழு மாதத்துக்கு 20 நாளாவது அமர வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறையாவது இல்லங்களுக்குச் சென்று பார்க்க வேண்டும். அப்படிப் போன நாள் அமர்வாகவே கணக்கில் வரும்.

வழக்குகள் எத்தனை முடிந்தன, எத்தனை தேங்கின என்று குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியருக்கு அறிக்கை தர வேண்டும். தேக்கம் இருந்தால் சரிசெய்யும்படி ஆட்சியர் உத்தரவிட வேண்டும். அதற்குப் பிறகும் மூன்று மாதம் அப்படியே கிடந்தால், அந்தக் குழுவையே கலைத்துவிட்டுப் புதிய குழுவை அமைக்க வேண்டும் என்று 36ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கட்டளையிடுகிறது. புதிய குழு அமையத் தாமதமானால், பக்கத்து மாவட்டக் குழு பொறுப்பேற்க வேண்டும். குழந்தைகளின் வழக்கைக் கிடப்பில் போட்டதற்காக ஒரு குழு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குச் சட்டம் இறங்கியிருக்கிறது. அந்த அளவு கடுமை வேண்டும் என்றுதான் நான் கருதுகிறேன். 13 வயதுப் பெண்ணுக்கு நான்கு மாதம் என்பது பள்ளி ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி.

தனி உறுப்பினரையும் நீக்கலாம். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றது, தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் இருந்தது, ஆண்டு அமர்வுகளில் முக்கால் பங்குக்குக்கூட வராதது ஆகியவை அதற்கான காரணங்கள். நீக்கும் முன் மாநில அரசு விசாரணை நடத்த வேண்டும்.

ஆட்சியரிடம் போகும் மனு

குழுவின் செயல்பாட்டில் குறை இருந்தால் கேட்க வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர். பாதிக்கப்பட்ட குழந்தையோ, குழந்தையோடு தொடர்புள்ள எவருமோ மனு கொடுக்கலாம். இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஆட்சியர் உரிய உத்தரவு போட வேண்டும்.

கோவையில் ஸ்டேட் பாங்க் ரோட்டில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளை எல்லோரும் அறிவார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்பார்கள். பத்திரிகைக்காரர்களும் கேமராவும் இருக்கும். குழந்தை வழக்கின் மனுவை அங்கே கொடுக்கலாம். ஆனால் மூடிய உறையில் கொடுங்கள். குழந்தையின் பெயரை உரக்கச் சொல்லாதீர்கள், பேட்டி கொடுக்காதீர்கள், மனுவைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நியாயம் கேட்கப் போனவரே குற்றவாளி ஆகிவிடக் கூடாது.

மனு இப்படி இருந்தால் போதும்:

"மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் மனு. என் பேத்தி … தேதியில் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட்டாள். கோப்பு எண் … . … தேதியில் உத்தரவின் நகல் கேட்டு விண்ணப்பித்தேன்; இன்றுவரை தரப்படவில்லை. சமூக ஆய்வுக்காக இதுவரை யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான்கு மாதக் கெடு … தேதியுடன் முடிகிறது. என்னை நேரில் அழைத்து விசாரித்து உரிய உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன். இணைப்பு: முத்திரையிட்ட விண்ணப்ப நகல்."

இந்த மனுவில் யாரையும் திட்டவில்லை. "பணம் வாங்கிவிட்டார்கள்" என்ற சந்தேகமும் இல்லை. சான்று இருந்தால் அதைச் சேர்க்கலாம். இல்லாமல் எழுதினால் மனுவின் வலுவான பகுதியும் சேர்ந்து அடிபட்டுப் போகும். தேதி, எண், நடந்தது, நடக்காதது. ஆட்சியர் அலுவலகத்தில் இதைப் படிக்கும் அதிகாரிக்கு இவைதான் கைப்பிடி.

"நேரில் அழைத்து விசாரித்து" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை மனுக்கள் வழக்கமாகக் கீழே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே போகும். அதாவது, உங்கள் புகார் யாரைப் பற்றியதோ அவர்களிடமிருந்தே "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்துவிடலாம். இரு தரப்பையும் கேட்பது ஆட்சியரின் சட்டக் கடமை என்பதை மனுவே நினைவூட்ட வேண்டும். மனு எண் போட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அந்த ரசீதின் நகலோடு எழுதலாம்.

புகார் வேறு, மேல்முறையீடு வேறு

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. குழு நடந்துகொண்ட விதம் சரியில்லை என்றால் அது புகார். ஆட்சியரிடம் போக வேண்டும். குழு போட்ட உத்தரவே தவறு என்றால் அது மேல்முறையீடு. உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு, 18 வயதுக்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவை குறித்த முடிவுகளுக்கு மட்டும் மேல்முறையீடு ஆட்சியரிடம்.

உத்தரவு தவறு என்று ஆட்சியரிடம் மனுக் கொடுத்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்து, 30 நாளைக் கோட்டை விடுகிறார்கள். மனு நிலுவையில் இருப்பதால் கெடு நின்றுவிடாது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டும் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மேல்முறையீடு 30 நாளில் முடிவாக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வழக்கறிஞரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

தகவல் உரிமை

ஊரில் குழந்தைகளுக்காக வேலை செய்பவர்கள் தனி வழக்கோடு நின்றுவிடாமல் இதையும் செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதிக் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் குழு எத்தனை நாள் அமர்ந்தது, ஒவ்வொரு உறுப்பினரும் எத்தனை அமர்வுக்கு வந்தார், காலியிடம் எத்தனை, நான்கு மாதம் தாண்டிய வழக்குகள் எத்தனை, ஆட்சியரின் காலாண்டு ஆய்வு எந்தெந்தத் தேதியில் நடந்தது என்று கேட்கலாம். குழந்தைகளின் பெயரோ முகவரியோ கேட்காதீர்கள். கேட்டாலும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

காலியிடம் பற்றிய கேள்வி முக்கியம். 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் குழுக்களின் காலியிடங்களைத் தாமதமில்லாமல் நிரப்ப வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்தால், ஒருவர் விடுப்பு எடுத்த நாளில் ஒரு வழக்கையும் முடிக்க முடியாது. அந்தத் தாமதத்துக்கு உறுப்பினர்களைத் திட்டுவதில் பயனில்லை; நியமிக்காத அரசைத்தான் கேட்க வேண்டும்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது

இங்கே சொன்ன வழிகள் எல்லாம் குழந்தைக்காக இருப்பவை. மீட்கப்பட்ட சிறுமியை மறுபடி வேலைக்கு அழைத்துப் போக முதலாளி தரப்பு உறவினர் பெயரில் மனுப் போட வைப்பதும், 16 வயதுப் பெண்ணின் கல்யாணத்தைத் தடுத்ததற்காக ஊர்ப் பெரியவர்கள் திரண்டு வந்து உறுப்பினர்மேல் புகார் கொடுப்பதும் நடக்கக்கூடியவையே. குழுவில் நேர்மையாக வேலை செய்பவர்கள் சம்பளமும் இல்லாமல், சொந்த ஊரிலேயே பகையைச் சம்பாதித்துக்கொண்டு, அதைச் செய்கிறார்கள். அவர்களை மிரட்டும் கருவியாகப் புகார் மாறினால், அடுத்த நியமனத்துக்கு நல்லவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள்.

ஆகவே மனு எழுதும் முன் குழந்தையிடம் பேசுங்கள். அவள் எங்கே இருக்க விரும்புகிறாள், எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். அவள் சொல்வதற்கு எதிராக நீங்கள் மனுப் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் இல்லத்தில் உள்ள ஆலோசகரைப் பாருங்கள். இல்லத்திலேயே அவளுக்குத் தொல்லை என்று தெரிந்தால் ஆட்சியரின் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே 1098க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தையும், அழைப்பை எடுத்தவர் என்ன சொன்னார் என்பதையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.